அந்திப் படத்தில் அந்தி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் அரைப்பக்கத்துக்கு ஒரு பாலைவனப் பூனையின் படம் போட்டிருந்தீர்கள். ‘அந்தி ஒளியில் தார் பாலைவனப் பூனை’ என்று அடிக்குறிப்பு. பூனை அழகுதான். மணல் நிற உடம்பில் கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். ஆனால் அந்தி ஒளியைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கால்மாட்டில் இரண்டு முழம் மணல் தெரிகிறது. அதற்கப்பால் வானமும் இல்லை, புதரும் இல்லை, ஒரே கரி. கண் இரண்டும் பச்சையாக எரிகின்றன. காதுகள் பின்னால் மடங்கிக் கிடக்கின்றன. முன்னங்கால் ஒன்று தூக்கியபடியே பாதியில் நிற்கிறது. யாரோ வண்டியிலிருந்து ஸ்பாட்லைட் அடித்திருக்கிறார்கள், பூனை அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

எடுத்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. என் வழக்கெல்லாம் படத்தைத் தேர்ந்தெடுக்கும் மேசையோடுதான். அந்த மேசையின் சங்கடங்கள் எனக்கும் தெரியும். வேறொரு பத்திரிகையில் படம் திருத்தும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பாலைவனப் பைத்தியம் பிடித்து, குளிர்காலம் வந்தால் கேமராவோடு கிளம்பிவிடுகிறேன். பொழுது சாய்ந்தால் மணலில் குப்புறப் படுத்துக்கொள்வதுதான் இப்போது என் உத்தியோகம்.

விளக்கடித்த படம் என்று எப்படி அடித்துச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். கண்ணைப் பாருங்கள். பூனைக்கும் நரிக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஓர் அடுக்கு உண்டு. உள்ளே போன வெளிச்சம் வந்த வழியே வெளியே வரும். அதனால் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து விளக்கடித்தால்தான் படத்தில் கண் அப்படி எரியும். அந்தி வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் இறங்குவது. அதில் எடுத்த பூனையின் கண் கறுப்பாக, பாவை நன்றாக விரிந்து, மேல் விளிம்பில் வானத்தின் ஒரு கீற்று மட்டும் மினுங்க இருக்கும். நிழல் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. உங்கள் படத்திலோ பின்னங்காலுக்குப் பின்னால் கத்தியால் வெட்டினாற்போல ஒரு நிழல் கிடக்கிறது.

சூரியன் விழுந்ததும் இருட்டிவிடும், இனி விளக்கில்லாமல் ஆகாது என்ற நினைப்பில்தான் பலரும் ஸ்பாட்லைட்டைத் தூக்குகிறார்கள். உண்மையில் நல்ல வேளையே அப்போதுதான் தொடங்குகிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும் வரை வெளியில் விளக்கில்லாமல் நடமாடலாம். தார் இருக்கும் அட்சரேகையில் அதற்குச் சுமார் 25 நிமிடம் ஆகும். வானம் தெளிவாக இருந்தால், மறையும் தருணத்தில் தரையில் விழும் ஒளி 400 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். அந்த 25 நிமிடம் முடியும்போது அது மூன்றரை லக்ஸ் அளவுக்கு வந்துவிடும். நூறு மடங்குக்கு மேல் சரிவு. ஒளி பாதியாகக் குறைவதைக் கேமராக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்பார்கள். அந்தக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 7 ஸ்டாப், அதாவது மூன்றரை நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் வெளிச்சம் கையைவிட்டுப் போகிறது. பௌர்ணமி நிலவு உச்சியில் நின்றாலும் தருவது கால் லக்ஸைச் சுற்றித்தான். அதையும் சேர்த்து யோசித்தால் அந்த 25 நிமிடம் எவ்வளவு தாராளமானது என்று புரியும்.

எஃப் 2.8 லென்ஸ் ஒன்று கையில் இருக்கிறது என்று வையுங்கள் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் உள்ளே விடும் ஒளி அதிகம்). சூரியன் மறையும்போது ஐஎஸ்ஓ 1600ல் (கேமராவின் ஒளியுணர்வு அளவு அது) 1/320 நொடி கிடைக்கும். ஓடுகிற நரியைக்கூடப் பிடிக்கலாம். பன்னிரண்டு நிமிடம் கழித்து ஐஎஸ்ஓ 6400ல் 1/125. நடக்கிற நரிக்குப் போதும். 25ஆம் நிமிடத்தில் ஐஎஸ்ஓ 12800ல் 1/20தான், நிற்கிற நரிக்குத்தான் ஆகும். எஃப் 6.3 ஜூம் வைத்திருப்பவர்கள் எட்டு நிமிடம் முன்னதாகவே கடையைக் கட்ட வேண்டியிருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த ஜூமைப் பையில் போட்டுவிட்டு 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 போன்ற மலிவான சின்ன லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள். விலங்கு படச்சட்டத்தின் மூலையில் சிறிதாகத்தான் வரும். வரட்டுமே. பாலைவனத்தில் அது அப்படித்தான் இருக்கிறது, சுற்றிலும் ஏராளமான வெறுமை, நடுவில் நாலு கால். அதற்காகக் கிட்டே ஓட வேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது.

1/20 நொடியில் நரியா என்று சிரிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தாரில் இருக்கும் பாலைவன நரிக்கு வால் நுனி வெள்ளை. அதே வெளியில் திரியும் இந்திய நரிக்கு வால் நுனி கறுப்பு. மங்கலில் முகம் தெரியாத தூரத்திலும் அந்த வெள்ளை நுனி தனியாக மிதந்து வருவது தெரியும். அது மூக்கைத் தரையில் உரசினாற்போல வைத்துக்கொண்டு கோணல் மாணலாக வரும். மணலுக்குள் எலி அசையும் சத்தம் கேட்டதும் சட்டென்று நின்றுவிடும். இரண்டு காதும் முன்னால் திரும்பும், தலை லேசாக ஒரு பக்கம் சாயும், மீசை மயிர்கூட ஆடாது. சத்தம் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடுகிறது போலிருக்கிறது. அந்த நிறுத்தம் ஒரு மூச்சு நேரம், சில சமயம் இரண்டு. துணிப்பையில் அங்கேயே மணலை அள்ளி நிரப்பி, அதன்மேல் லென்ஸைக் கிடத்தி, விரலை அழுத்தாமல் உருட்டினாற்போல விட்டால் 1/20 என்ன, 1/10இலும் மயிர்க்கால் தெரியும். லென்ஸில் உள்ள அதிர்வுத்தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், நரியை நிற்க வைக்காது. நரியே நிற்கும் நேரத்தை நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்கு நாலு மாலை கேமராவைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். (அப்படிப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. வண்டியில் இருந்து இறங்கியதுமே படபடவென்று தொடர்ந்து பர்ஸ்ட் அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.)

சில்லறை விஷயங்கள் சில. ஆட்டோஃபோகஸ் திணறினால் விலங்கின் முகத்தோடு மல்லுக்கு நிற்காமல், முதுகுக்கோடு வானத்தைத் தொடும் விளிம்பில் ஃபோகஸ் புள்ளியை வைக்கலாம். தரையோடு தரையாகப் படுத்தால் அந்த விளிம்பு தானாகக் கிடைக்கும். ஃபோகஸுக்கு உதவ என்று கேமராவின் முன்புறத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும், அதை முதல் வேலையாக அணைத்துவிட வேண்டும். பின்பக்கத் திரையையும் நம்பக் கூடாது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது பட்டப்பகலாகத் தெரியும். படம் பிரமாதம் என்று நினைத்து வீட்டில் வந்து திறந்தால் இரண்டு ஸ்டாப் இருண்டு கிடக்கும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு படத்தின் ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்ப்பது ஒன்றே வழி. வெளிர் மணல் சட்டத்தை நிறைக்கும்போது மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும், அதற்கு ஒரு ஸ்டாப் கூட்டிவைக்கலாம்.

நிறம் தனிக்கதை. மாலை மங்க மங்க நம் கண் சிவப்பை முதலில் இழக்கிறது, நீலமும் பச்சையும் தூக்கலாகத் தெரிகின்றன. செக் அறிஞர் பர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்துச் சொன்னது இது. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்துச் செம்மணல் மேடுகூட அந்தி முற்றினால் நம் கண்ணுக்குக் கறுத்துப் போகும். கேமராவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, சிவப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்போது எது உண்மை? கண் பார்த்ததா, கேமரா பார்த்ததா? எனக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை. நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் பூட்டிவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆட்டோவில் விட்டால் அது நீலத்தை எல்லாம் துடைத்து மத்தியானம் மூன்று மணி மாதிரி ஆக்கிவிடும்.

விளக்கே கூடாது என்றும் சொல்லமாட்டேன். பொழுது சாய்ந்ததும் சூடு ஆறாத மணலுக்குச் சுருட்டை விரியன் வெளியே வரும். முழங்கை ஊன்றும் இடத்தில் அது சுருண்டு கிடக்கலாம். எழுந்து நடக்கும்போது காலடிக்கு ஒரு மங்கலான சிவப்பு டார்ச், தரையைப் பார்த்து, கட்டாயம் வேண்டும். இருட்டில் பார்க்க உதவும் கண் அணுக்கள் சிவப்புக்கு அவ்வளவாக மசியாது என்பதால் நம் கண்ணும் கெடாது, விலங்கும் அதிகம் மிரளாது. நான் சண்டை போடுவது விலங்கின் முகத்தில் அடிக்கும் வெள்ளை விளக்கோடு.

ஃபிளாஷ் அடித்தால் விலங்குக்குக் கண் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நெடுஞ்சாலையில் எதிரே வருபவன் ஹைபீம் போட்டுக் கடந்த பிறகு சில நொடி நமக்கு எப்படி இருக்கும், அதைத்தான் சொல்கிறேன். நமக்குப் பிரேக் இருக்கிறது. ஆந்தை தலைக்கு மேலே பறக்கும்போது எலிக்கு அந்தச் சில நொடிதான் ஆயுள். பக்கிக் குருவி மணல் பாதையில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும், பறக்கத் தோன்றாது. ‘எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள்’ என்பார் வண்டிக்காரர்.

கண் கூசுவதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்றுண்டு. பாலைவனத்து எலி வகைகள் வெளிச்சத்தைக் கண்டே அஞ்சுபவை. அமெரிக்கப் பாலைவனங்களின் கங்காரு எலிகள் நிலவு காயும் இரவில் திறந்த வெளியை விட்டுப் புதரடிக்கு ஒதுங்குகின்றன. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்து ஜெர்பில் எலிகளும் வெளிச்சம் கூடினால் வெட்டவெளியில் மேய்வதைக் குறைத்துக்கொள்கின்றன. ஆந்தைக்கும் நரிக்கும் தங்களைக் காட்டிக்கொடுக்கும் வெளிச்சம் என்று அவற்றுக்குத் தெரிகிறது. நிலவுக்கே இப்படி என்றால், மணல் மேட்டின்மேல் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் விளக்கைச் சுழற்றினால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வெளியே வருவார்கள்? எலி வராவிட்டால் நரிக்கும் பட்டினி. உங்கள் படத்துப் பூனைக்கும்தான்.

சஹாராவின் மேற்கோரத்தில் வாழும் தலைக்கவசப் பல்லி என்ற ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் மங்கிய நிலவொளியில் அது நிறம் பிரித்துப் பார்க்கிறது. அதன் கண் நம் நிறப்பார்வையைவிடச் சுமார் 350 மடங்கு நுட்பமானது என்று 2004ல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நாம் ‘ஒன்றுமே தெரியவில்லை, விளக்கைப் போடு’ என்கிற நேரத்தில் அதற்கு உலகம் வண்ணமயமாக இருக்கிறது.

விளக்கடித்துப் படம் எடுக்கும் வித்தையின் பூர்வீகமே வேட்டைதான். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் படகின் முன்னால் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவில் ஏரிக்கரையோரமாகப் போவார். விளக்கைப் பார்த்து மான் திகைத்து நிற்கும். துப்பாக்கி வேட்டைக்காரர்களின் உத்தி அது. ஷைராஸ் துப்பாக்கிக்குப் பதில் கேமராவையும் மெக்னீசியம் மருந்தையும் வைத்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் அவருடைய படங்களை 74 என்ற எண்ணிக்கையில் அள்ளிப் போட்டது. அன்றைக்கு இருந்த கண்ணாடித் தகட்டில் வேறு வழி கிடையாது, அவரை நான் குறை சொல்லமாட்டேன். இன்று ஐஎஸ்ஓ 12800 சர்வசாதாரணமான கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அதே உத்தியை ஏன் பிடித்துத் தொங்குகிறோம் என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பதில் உங்கள் மேசையில் இருக்கிறது. இயற்கை ஒளியில் எடுத்த படம் வந்தால் ‘நாய்ஸ் அடிக்குது’ என்று ஓரம் தள்ளுகிறீர்கள். கணினித் திரையில் இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த அந்திப் படமும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். ஒளி குறைந்தால் அப்படித்தான். ஒளி நான்கு மடங்கு கூடினால்தான் படம் இரண்டு மடங்கு சுத்தமாகும், அது இயற்பியல் கணக்கு, கேமராவின் குற்றம் இல்லை. ஆனால் உங்கள் படம் போய்ச்சேரும் இடம் எது? நியூஸ்பிரிண்ட். அந்தத் தாளில் எல்லாப் படமும் மைப்புள்ளிகளாகத்தான் அச்சாகிறது, அந்தப் புள்ளிகள் நாய்ஸைவிடப் பெரியவை. நான் வேலை பார்த்த காலத்தில் திரையில் பார்த்து அலறிய எத்தனையோ படங்கள் மறுநாள் காலைத் தாளில் வெண்ணெய் மாதிரி வந்திருக்கின்றன. நியூஸ்பிரிண்டுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், அடர்கறுப்பு. அது மையைக் குடித்துப் பின்பக்கம் வரை ஊறும். உங்கள் பூனைப் படத்தின் பின்பக்கத்தில் இருந்த சமையல் குறிப்பைப் படிக்க முடியாமல் போனதைக் கவனித்தீர்களா?

சரி, எல்லா விளக்குப் படத்தையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டாம் என்பதும் எனக்குத் தெரியும். நமீபியாவின் எடோஷா பூங்காவில் ஒக்காகுவேயோ நீர்க்குட்டைக்கு இரவெல்லாம் நிலையாக ஒரு விளக்கு எரிகிறது. காண்டாமிருகமும் யானையும் அதற்குப் பழகி வந்து குடித்துவிட்டுப் போகின்றன. பார்ப்பவர்கள் சுவருக்கு இப்பால் உட்கார்ந்திருக்கிறார்கள். துரத்திக்கொண்டு போகும் ஸ்பாட்லைட்டும் அதுவும் ஒன்றில்லை. அகச்சிவப்பில் தானாக எடுக்கும் கேமரா பொறிகள் இருக்கின்றன, அந்தப் படம் கறுப்பு வெள்ளையில் இருப்பதால் யாரையும் ஏமாற்றுவதில்லை. என் கோரிக்கை தடை போடச் சொல்வது இல்லை. எப்படி எடுத்தது என்று அடிக்குறிப்பில் ஒரு வரி போடுங்கள். ‘விளக்கொளியில் எடுத்தது’ என்பது இரண்டே சொல். பெரிய இடங்களிலேயே இந்த அக்கறை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2017 போட்டியில் பரிசளித்த ஓர் இரவுப் படத்தை, அதில் இருந்த எறும்புத்தின்னி பாடம் செய்து வைத்த உடல் என்ற முடிவுக்கு வந்து, 2018ல் தகுதிநீக்கம் செய்தது. எடுத்தவர் மறுத்தார். இருட்டில் எடுத்த படத்தில் எது எங்கிருந்து வந்தது என்று வாசகனுக்குத் தெரிய வழியே இல்லை, சொல்ல வேண்டியவர்கள் சொன்னால்தான் உண்டு.

இன்னொன்று. ‘அந்தி’ என்று தலைப்புப் போட ஆசை இருந்தால், அந்தி தெரிகிற படத்தையே கேட்டு வாங்குங்கள். சூரியன் மறைந்த பத்தாவது நிமிடம் மேற்கே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால், கிழக்கு அடிவானத்தில் சாம்பல் நீலமாக ஒரு பட்டை எழும்பி நிற்கும். பூமியின் சொந்த நிழல் அது. அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. தூசு அடங்கிய நாளில் அந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு சிங்காரா மான் நின்றால் போதும், முகம் தெளிவாகத் தெரிய வேண்டியதே இல்லை. அப்படி எடுக்கிற இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ‘டல்லா இருக்கு’ என்று திருப்பி அனுப்பப்பட்ட படங்களை ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொண்டு. அவர்களிடம் கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைலைக் கேளுங்கள், எடுத்த நேரம் அதிலேயே பதிவாகியிருக்கும். அந்த நாளின் சூரிய மறைவு நேரம் உங்கள் பத்திரிகையின் நாட்காட்டிப் பகுதியிலேயே தினமும் வருகிறது. இரண்டையும் ஒப்பிட ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், படம் திருத்தும் மேசையில் இப்போது இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு வார்த்தை. அப்படி ஒரு படம் வந்தால் லெவல்ஸைப் பிடித்து இழுத்து வெளிச்சமாக்க வேண்டாம். நடுச்சாயலை மட்டும் ஒரு நூல் தூக்குங்கள், நீலத்தைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்